ரம்மியா, முந்நூற்று நாலா? நண்பர்கள் கூடும் நாளுக்கு எந்தச் சீட்டு?

கொங்கு நாட்டில் நாலைந்து பேர் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பிரித்தால், யாரும் யாரையும் கேட்காமலேயே ரம்மிக்குப் பதின்மூன்று பதின்மூன்றாகச் சீட்டு விழத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்து மாடியிலும் அதுதான். ஈரோட்டிலிருந்து கோவைக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவர்கள் முழங்கால்களின் மேல் செய்தித்தாளை விரித்து ஆடுவதும் பெரும்பாலும் அதுதான். நல்ல ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நண்பர்கள் மாதாமாதம் கூடுகிறார்கள், வருடக்கணக்காகக் கூடப்போகிறார்கள் என்றால், ரம்மியை விட்டு ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாலு பேர் என்றால் 304. அதற்கு முன்படியாக 28. ஆறு பேர் என்றால் லிட்டரேச்சர். ஏன் என்று சொல்கிறேன். ரம்மியை எப்போது விடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கும் இடம் இருக்கிறது.

முதலில் ரம்மியின் பலம். இரண்டு பேர் இருந்தாலும் ஆடலாம், ஆறு பேர் இருந்தாலும் ஆடலாம். சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து அமர்ந்தாலும், ஒரிஜினல் (ஜோக்கர் சேராத வரிசை) எது, ஜோக்கர் எது, ஸ்கூட்டுக்கு (ஆட்டத்திலிருந்து விலகுவதற்கு) எத்தனை பாயிண்ட் என்று இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால் ஆட்டம் ஓடும். எல்லாவற்றையும்விட, நடுவில் எழுந்து போக விடும் ஆட்டம் அது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வரும். மோட்டாரைப் போட்டு, மடையைத் திருப்பிவிட்டு வர வேண்டும். ரம்மி ஆடுகிறவர் கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்துப்போட்டு ஸ்கூட் சொல்லி, 20 பாயிண்டை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடலாம். இரண்டு சுற்று கழித்துக் கால் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காரலாம். மற்றவர்கள் ஆட்டம் தடைபடாது. மில்லில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒருவர் போக ஒருவர் வரும் கூட்டத்துக்கும் இதுவே தோது. ஆள் நிலையாக இல்லாத இடத்தில் ரம்மிக்கு மாற்று கிடையாது.

ஆனால் நிலையான நண்பர் கூட்டத்துக்கு அந்தப் பலமே குறையாகிவிடுகிறது. ரம்மியில் யாருக்கும் யாரும் வேண்டியதில்லை. ஆளுக்கொரு விசிறியாகப் பதின்மூன்று சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் அவரவர் கையைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் கீழே போடும் சீட்டைக் கவனிக்க வேண்டும் என்பது உண்மை. நன்றாக ஆடுகிறவர்கள் அதையும் செய்கிறார்கள். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் ஆடினால் இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. கையில் போவது 78. மீதி 28 சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. நாலு பேர் மட்டும் ஆடினால் கையில் 52, வெளியே 54. பாதிக்கு மேல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் திறமை இருக்கிறது. எது வரும் என்பதில் இல்லை.

அதோடு, 201 பாயிண்டை எட்டியவர் வெளியேற வேண்டும் என்று வைத்து ஆடும்போது முதலில் அவுட் ஆகிறவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சிறிது நேரம் அடுத்தவர் கையை எட்டிப் பார்ப்பார். பிறகு போனை எடுப்பார். பிறகு கட்டிலில் போய்ச் சாய்ந்துவிடுவார். ஐம்பது மைல் தாண்டி நண்பர்களைப் பார்க்க வந்தவர் அவர். கடைசி இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து முடிவுக்குக் கொண்டுவருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. கூடி ஆடுவதற்காக வந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பும் ஆட்டத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இப்போது 304. இதைச் சொல்லும்போதே பலர் கையை உதறிவிடுகிறார்கள். எண்கள் மிரட்டுகின்றன. உண்மையில் ஒரு மாலைப் பொழுதில் படிந்துவிடும். ஒரே கட்டில் இரண்டு முதல் ஆறு வரை உள்ளவற்றை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். நாலு பேருக்கு எட்டு எட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. இங்கே ராஜா பெரியவர் இல்லை. ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல்: 30. அடுத்து ஒன்பது: 20. ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் கிடையாது. ஆட்டின், கிளாவர், டைமன், ஸ்பேடு என்ற நாலில் ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. பெயர் அதனால்தான். முதலில் நாலு சீட்டு மட்டும் விழும். அதைப் பார்த்து, எங்கள் ஜோடி இத்தனை எடுக்கும் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 160-லிருந்து கேட்பது வழக்கம். பாதி 152 என்பதால் அது பாதிக்குச் சற்று மேல். அதிகம் கேட்டவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தை, முடிவுசெய்து, அந்த இனச் சீட்டு ஒன்றைத் தன் முன்னே கவிழ்த்து வைக்கிறார். பிறகு மீதி நாலு சீட்டு விழுகிறது. துருப்பு எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எதிரே இருக்கும் சொந்த ஜோடிக்குக்கூடத் தெரியாது.

ஆட்டத்தின் உயிர் அந்தக் கவிழ்த்த சீட்டில் இருக்கிறது. ஒரு கையை எடுத்துக்கொள்வோம். முதல் நாலு சீட்டில் ஒருவருக்கு ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஆஸ், டைமன் எட்டு. துணிந்து 170 கேட்டு, ஆட்டின் ஒன்பதைக் கவிழ்த்து வைக்கிறார். மீதிச் சீட்டும் விழுந்தாயிற்று. எதிராளி ஸ்பேடு ஜாக்கியை ஓங்கி இறக்குகிறார். 30 பாயிண்ட், ஸ்பேடில் அதை மிஞ்சச் சீட்டே இல்லை. அடுத்து ஆட வேண்டியவர் கேட்டவரின் ஜோடி. அவர் கையில் ஸ்பேடு ஒன்றுகூட இல்லை. இந்த ஆட்டத்தில் இறக்கிய இனம் கையில் இல்லாதவர் எந்தச் சீட்டையும் கவிழ்த்தே வைக்கலாம். அது துருப்பாக இருந்தால் வெட்டு, இல்லையென்றால் வீண். ஆனால் துருப்பு எது என்று இவருக்குத் தெரியாதே? யோசிக்கிறார். கிளாவர் ஜாக்கியும் டைமன் ஜாக்கியும் தன் கையில் இருக்கின்றன. ஸ்பேடு ஜாக்கி கண்ணெதிரே கிடக்கிறது. அப்படியானால் எதிரே இருப்பவர் 170 வரை போனது ஆட்டின் ஜாக்கியை நம்பித்தான் இருக்கும். ஆட்டின் ஏழை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறார். அடுத்தவர், ஜாக்கி தங்களுடையதுதானே என்று ஸ்பேடு பத்தை நிம்மதியாகச் சேர்க்கிறார். கேட்டவர் ஸ்பேடு எட்டைப் போட்டுவிட்டு, ஜோடி கவிழ்த்த சீட்டைப் புரட்டிப் பார்க்கிறார். ஆட்டின் ஏழு! தன் கீழே இருக்கும் ஒன்பதையும் திருப்பிக் காட்டுகிறார். மதிப்பே இல்லாத ஓர் ஏழு, ஜாக்கியையும் பத்தையும் சேர்த்து 40 பாயிண்டை வாரிக்கொண்டுவிட்டது.

இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல், கண் ஜாடை காட்டாமல், ஒருவர் மனதை ஒருவர் படித்துவிட்ட நொடி அது. இதைத் தர ரம்மியால் முடியாது. 32 சீட்டும் நாலு பேர் கையில்தான் இருக்கிறது என்பதால், எதுவும் மறைந்து கிடப்பதில்லை. போன சீட்டை நினைவில் வைத்தவருக்கும், கேட்ட விதத்திலிருந்தே கையை ஊகிக்கத் தெரிந்தவருக்கும் பலன் உண்டு. கெட்ட கை வந்தாலும் ஒதுங்கத் தேவையில்லை; எட்டும் ஏழுமாக வந்தவர்கூட ஜோடிக்கு உதவலாம், எதிராளியைக் கெடுக்கலாம். கடைசிப் பிடி (ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்று) வரை நாலு பேருக்கும் வேலை இருக்கிறது.

ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. "ஏனுங்க மாமா, ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டா 160-லேயே நின்றுவிட்டீர்கள்?" என்று ஆரம்பித்தால், காப்பி ஆறும் வரை போகும். சிலருக்கு இது பிடிக்காது. குற்றம் சாட்டுவது தாங்காதவர்கள், உடனே முகம் சுருங்குகிறவர்கள் இருக்கும் கூட்டத்தில் 304 ஆபத்துதான். அதற்கு நான் பார்த்த நல்ல மருந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோடியை மாற்றுவது. அண்ணன் தம்பியை எதிரெதிரே உட்கார வைக்காமல் இருப்பதும் நல்லது. வீட்டில் பாக்கி இருக்கும் கணக்கெல்லாம் சீட்டில் வந்து நிற்கும்.

வயதும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் சீட்டாடும் கூட்டத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்க விரல் மடங்க வேண்டும், மூலையில் இருக்கும் எண் தெரிய வேண்டும். எட்டுச் சீட்டு அவர்களுக்கு எவ்வளவோ இலகு. எண் பெரிதாக அச்சிட்ட கட்டு கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். காற்றையும் மறக்க வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் நேரில் பார்க்கிற சங்கதி. பாலக்காட்டுக் கணவாய் வழியே அது வீசும் மாதங்களில், திண்ணையில் ரம்மிக்கு ஒரு கட்டு, திறந்த சீட்டு, இறக்கிய வரிசை என்று இத்தனையையும் பரப்பி வைப்பது பெரும்பாடு. 304-க்குத் தரையில் இருப்பது அதிகபட்சம் நாலு சீட்டு, முழங்காலடியில் துருப்பு ஒன்று, எடுத்த பிடிகள் ஒரு தம்ளருக்கு அடியில். அவ்வளவுதான்.

28 இதன் தம்பி. அதே 32 சீட்டு, அதே வரிசை, அதே கவிழ்த்த துருப்பு. மதிப்பு மட்டும் எளிது: ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 28, கேட்பது 14-லிருந்து. கேரளத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஆட்டம் என்பதால், வாளையாறு, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக்காரர்களோடு வேலை பார்க்கும் பலருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதில் இனம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. துருப்பைத் திறக்கச் சொல்லி வாய்விட்டே கேட்டுவிடலாம். அதனால் வேகம் அதிகம். திருப்பூரில் ஏறி கோவையில் இறங்குவதற்குள் சில ஆட்டம் முடித்துவிடலாம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதில்தான் தொடங்க வேண்டும்.

ஆனால் 28-லேயே நின்றுவிடாதீர்கள். 304-இல் ராஜாவுக்கும் ராணிக்கும் கிடைக்கும் அந்தச் சில்லறை மதிப்பு ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. 160 கேட்டு, எண்ணிப் பார்த்தால் 158. இரண்டே பாயிண்ட். நாலாவது பிடியில் அலட்சியமாக எதிராளிக்கு விட்ட ஒரு ராணி. 28-இல் ராணி வெறும் காகிதம். யார் எடுத்தால் என்ன என்று போட்டுவிடலாம். 304-இல் எந்தச் சீட்டையும் அப்படி விட முடியாது.

ஆறு பேர் சேர்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் பலரும் யோசிக்காமல் ரம்மிக்குத் திரும்புகிறார்கள். இரண்டு கட்டிலிருந்து ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி மட்டும் எடுத்து 48 சீட்டில் ஆடும் 56 இருக்கிறது. மும்மூன்று பேர் இரண்டு அணி. அருமையான ஆட்டம், ஆனால் கேட்கும் விதத்திலேயே ஜோடிக்குச் சேதி சொல்லும் முறைகள் அதில் ஏராளம். ஒரே ஆறு பேர் நெடுநாள் சேர்ந்து பழகியிருந்தால் ஒழிய ருசிக்காது. அதைவிட லிட்டரேச்சர் மேல். இதுவும் 48 சீட்டுதான், ஆனால் ஒரே கட்டு, எட்டுகளை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் இரண்டு முதல் ஏழு வரை ஒரு செட், ஒன்பது முதல் ஆஸ் வரை இன்னொரு செட். மொத்தம் எட்டு செட், ஆளுக்கு எட்டுச் சீட்டு. உங்கள் கையில் ஒரு செட்டின் ஒரு சீட்டாவது இருந்தால், அதே செட்டின் வேறு சீட்டை எதிரணியில் யாரிடமும் பெயர் சொல்லிக் கேட்கலாம். இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் மேலும் கேட்கலாம். இல்லையென்றால் முறை அவருக்குப் போய்விடும். ஆறு சீட்டும் தன் அணியில் யார் யாரிடம் இருக்கிறது என்று பிசகில்லாமல் சொன்னால் செட் உங்களுடையது. தவறினால் எதிரணிக்கு.

பாயிண்ட் இல்லை, துருப்பு இல்லை, கூட்டல் கழித்தல் இல்லை. யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதைக் காதில் வாங்கி நினைவில் வைப்பதுதான் ஆட்டம். மாட்டுப் பொங்கலன்று பட்டியில் பொங்கல் வைத்து, மாட்டுக்கு ஊட்டி முடித்த மாலையில், சித்தி, கல்லூரியிலிருந்து லீவில் வந்த பிள்ளைகள், மாமன் மச்சான் எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்ந்து ஆடத் தகுந்தது இது ஒன்றுதான் என்பேன். ரம்மி என்றதும் ஆண்கள் மட்டும் மாடிக்குப் போய்விடுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறதே, அதை உடைக்க இதுபோல ஓர் ஆட்டம் வேண்டும். காது சற்று மந்தமானவர் இருந்தால் மட்டும் கேட்பதை உரக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒருமுறை தவறினால் ஆட்டமே நழுவிப்போகும். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குக் கழுதை ஆட்டம் போதும்.

காசு வைக்கலாமா என்ற கேள்வி எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வரும். ரம்மியைத் தேர்ந்தெடுத்தால் நிச்சயம் வரும். பாயிண்டைக் கூட்டிக்கொண்டே போகும் ஆட்டம் என்பதால், பாயிண்டுக்கு இவ்வளவு என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பார்கள். சொன்னது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டுக்காரரோ கிளப்போ லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. போனில் காசு வைத்து ரம்மி ஆடிக் குடும்பங்கள் நொறுங்கியதைப் பார்த்த பிறகுதான், 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, மாநில அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நண்பனின் பணம் என் பையில் இருக்கும் இரவில் எனக்குத் தூக்கம் வராது. என் பணம் அவனிடம் இருந்தாலும் அப்படித்தான். மூணு சீட்டு, மங்காத்தா போன்றவற்றில் காசை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை என்பதால் அவை இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரவில்லை.

304-க்கும் லிட்டரேச்சருக்கும் காசு தேவைப்படுவதே இல்லை. புளியங்கொட்டையை எண்ணிக்கை வைத்து ஆடினாலே போதுமான வீறாப்பு வந்துவிடுகிறது. கேரளத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில், தோற்ற ஜோடி அடுத்த முறை வேகவைத்த கடலைக்காய் கொண்டுவர வேண்டும். தோப்பு இருப்பவர் என்றால் இளநீர்.

இனி, வரும் ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு வருவதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். நாலு பேரும் புதியவர்கள் என்றால் முதல் இரண்டு சந்திப்பை 28-க்கு ஒதுக்குங்கள். ஜாக்கிதான் பெரியது என்பது கையில் பழகிவிட்டால், மூன்றாவது சந்திப்பில் 304-இன் மதிப்புகளை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி நடுவில் வையுங்கள். அட்டை இல்லாமல் ஆடும் நாள் விரைவில் வந்துவிடும். மடை திருப்பப் போகிறவர் இருந்தால் ஐந்தாவது ஆளாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எழுந்தவர் இடத்தில் அவர் அமர்ந்தால் ஜோடி உடையாது. ஆறு பேர் என்றால் எட்டுகளை எடுத்துவிட்டு லிட்டரேச்சர். ஒவ்வொருவரும் அவரவர் நேரத்துக்கு வந்துபோகிற நாள் என்றால் ரம்மிக்கே போங்கள், ஆனால் 201 வேண்டாம். ஒவ்வோர் ஆட்டமும் அதோடு முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வெளியே உட்கார வேண்டியிருக்காது. சீட்டைப் போடும் முன் இரண்டு கட்டும் ஜோக்கரும் சேர்த்து 106 சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள்.